கல்மாவில் பழகிய மூச்சு

விருத்தாசலத்தில் அந்த நாட்களில் காரணமில்லாமல் யாரும் ஓடுவதில்லை. ஒருவன் ஓடினால் ஜங்ஷனில் ரயில் கிளம்பப் போகிறது. இல்லையென்றால் அவனை யாரோ துரத்துகிறார்கள். அதனால்தான் பழமலை முதன்முதலாக மணிமுத்தாற்றங்கரையில் ஓடியபோது, எதிரே பால் தூக்கோடு வந்தவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்கள். அங்கே போலீஸும் இல்லை, நாயும் இல்லை.

"யாருடா தொரத்தறாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"சங்குதாங்க" என்றான் பழமலை, நிற்காமலே.

அவன் சொன்னது உண்மைதான். பீங்கான் கம்பெனியின் சங்கு ஊதி முடிவதற்குள் கேட்டைத் தாண்டாவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. அவன் வீடு மணவாளநல்லூரில். 1964இல், கல்யாணமான புதிதில், கம்பெனியில் சேர்ந்தான். மனைவி முத்தாயியை விட்டு விடியற்காலையில் எழுந்துபோக மனம் வராமல் தினமும் நேரமாகிவிடும். அந்த நேரத்தைக் கால்களால் ஈடுகட்டினான். ஆசை மனைவியால் தொடங்கிய ஓட்டம் அது. பிறகு அதுவே அவனைப் பிடித்துக்கொண்டது. வேலை முடிந்தும் ஓடினான். விடுமுறை நாளிலும் ஓடினான். அண்டை வீட்டுப் பெண்கள் முத்தாயியைக் கேலி செய்தார்கள்.

"ஏன்டி, சண்டை போட்டு வெரட்டறியா மனுசன?"

"நான் வெரட்டினா திரும்பி வருவாரா? தானா போவுது, தானா வருது" என்பாள் முத்தாயி. சொல்லும்போதே அவள் முகம் சிவக்கும்.

மூன்று வழிகள் அவனுக்கு. ஆற்றங்கரையோடு கிழக்கே போனால் கூடலையாத்தூர்; அங்கே மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலக்கும் இடம்வரை நாணலும் மணலுமாகப் பாதை போகும். காலையில் கொக்குகள் அவன் காலடிக்கு எழுந்து, சற்றுத் தூரம் முன்னால் போய் இறங்கி, மறுபடி எழும். இரண்டாவது வழி முதனைப் பக்கத்து முந்திரிக்காடு. செம்மண் தடம், வண்டி போன பள்ளங்கள், தலையைத் தொடும் கிளைகள். தை மாசி மாதங்களில் பூ வாசனை நெஞ்சுக்குள் இறங்கிக் கிறுகிறுக்க வைக்கும். மூன்றாவது, ரயில் பாதை ஓரமாகப் பெண்ணாடம் போகும் ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் கரும்பு. சர்க்கரை ஆலை ஓடும் மாதங்களில் காற்றே பாகாக இனிக்கும். அவன் திரும்பி வந்து வாசல் குத்துக்கல்லில் உட்கார்ந்ததும் முத்தாயி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் கால்களில் ஊற்றுவாள். வழிந்தோடும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே எந்த வழி என்று சொல்லிவிடுவாள்.

"இன்னிக்கு முந்திரிக்காடு. ரத்தமாட்டம் ஓடுது தண்ணி."

கம்பெனியில் அவன் வேலை கல் அரைக்கும் கூடத்தில். வெள்ளைக்கல்லை உடைத்து, இயந்திரத்தில் போட்டு அரைத்து, சலித்து மாவாக்க வேண்டும். பீங்கானுக்கு வெண்மையும் உறுதியும் கொடுப்பது அந்தக் கல்மாவுதான். ஜன்னலே இல்லாத கூடம். உள்ளே போன ஆள் மாலையில் வெளியே வரும்போது புருவம், இமை, காது மடல் எல்லாம் வெளுத்து, விபூதியில் புரண்டு எழுந்தவன் மாதிரி இருப்பான். வாயையும் மூக்கையும் ஈரத்துண்டால் கட்டிக்கொண்டுதான் எல்லோரும் வேலை செய்வார்கள். வேலை முடிந்ததும் கம்பெனியில் ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுப்பார்கள். வெல்லம் தின்றால் தொண்டையில் ஒட்டிய மாவு வயிற்றில் இறங்கி வெளியே போய்விடும் என்பது அந்தக் கூடத்தின் நம்பிக்கை. மாவு போய்ச் சேரும் இடம் வயிறு அல்ல என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஜங்ஷன் பக்கத்தில் தங்கதுரை டீக்கடை வைத்திருந்தார். பட்டாளத்திலிருந்து வந்தவர், பனிமலையில் காவல் இருந்தவர். ஒரு சாயங்காலம் பழமலையும், கூடத்தில் அவனோடு வேலை செய்யும் காத்தவராயனும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். காத்தவராயன் அவனுக்கு உயிர்த்தோழன். உறவு எதுவும் இல்லாவிட்டாலும் அவனை மச்சான் என்றும் முத்தாயியைத் தங்கச்சி என்றும்தான் கூப்பிடுவான்.

"என்னா பழமலை, ஓட்டமெல்லாம் எப்படி?" என்று தங்கதுரை கேட்டார். "நான் மலைமேல இருந்தேன் பாரு, அங்க காத்தே கம்மி. பத்தடி நடந்தா நாக்கு தள்ளும். ஆனா ஆறு மாசம் அங்க கெடந்தவன் கீழ எறங்கி வந்தான்னு வெச்சுக்க, நெஞ்சு துருத்தி மாதிரி ஆயிடும். எங்க ரெஜிமென்ட்ல ஓட்டத்துல ஜெயிச்சவன் பூரா மேலேர்ந்து வந்தவன்தான்."

"நாங்க மலைக்கு எங்கங்க போறது?" என்றான் காத்தவராயன். "எங்களுக்குத் தெரிஞ்ச மலை இவன் ஒருத்தன்தான். இவன் மேல ஏறினா ஒதைப்பான்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பழமலை சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அது ஆறும்வரை யோசித்தான்.

மறுநாள் கல் அரைக்கும் கூடத்தில் அவன் முகத்தில் துண்டு இல்லை.

"என்னா மச்சான், துண்ட மறந்துட்டியா?"

"மறக்கல. தங்கதுரை சொன்னத யோசிச்சுப் பாரு. இங்கயும் காத்து கம்மிதான். இதுல மூச்சு விட்டுப் பழகினவனுக்கு வெளிக்காத்து எம்மாத்திரம்? மலைக்குப் போவ முடியாதவனுக்கு இதான்டா மலை."

பட்டாளத்துக்காரர் சொன்னதில் பொய் இல்லை. பழமலை அதை எடுத்துப் பொருத்திய இடம்தான் தவறு. மலையில் காற்று குறைவு. கூடத்திலோ காற்றில் கல் இருந்தது. அந்த வித்தியாசம் அவன் கண்ணுக்குப் பிடிபடவில்லை. முதல் வாரம் இருமினான். பிறகு இருமல் நின்றது. மூச்சு பழகிவிட்டது என்று அவன் சந்தோஷப்பட்டான்.

அதற்கேற்றாற்போல் விதியும் அவனை ஏமாற்றியது. மாசி மகத்துக்கு மறுநாள் ஊர் இளைஞர் மன்றம் ஒரு நெடுந்தூர ஓட்டம் வைக்கும். கோயில் வாசலில் தொடங்கி, ஆற்றங்கரையோடு போய், முந்திரிக்காட்டைச் சுற்றி, ரயில் பாதை ஓரமாகக் கோயிலுக்கே திரும்ப வேண்டும். 1967இல் பழமலை முதலாவதாக வந்தான். அடுத்த வருடமும் அவனே. வேப்பூரிலிருந்தும் திட்டக்குடியிலிருந்தும் வந்த பையன்கள் அவனுக்கு வெகுதூரம் பின்னால் நாக்குத் தள்ள வந்துகொண்டிருந்தார்கள்.

"எப்படிய்யா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் கல் அரைக்கும் கூடத்தைக் காட்டினான். அடுத்த மாதமே காத்தவராயன் துண்டை அவிழ்த்துப் போட்டான். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக. காலையில் ஆற்றங்கரையில் நாலு பேர் ஐந்து பேர் சேர்ந்து ஓட ஆரம்பித்தார்கள். அந்தக் கூடத்தில் வேலை செய்வதே ஒரு பெருமை என்று ஆகிவிட்டது.

முத்தாயிக்கு மட்டும் பயம். பெண் மனதின் பயத்துக்குக் காரணம் தேவையில்லை; அவளுக்குக் காரணமும் இருந்தது. காலையில் அவன் தலையணையைத் தட்டினால் மாவு பறந்தது. வேட்டியை எவ்வளவு அலசினாலும் தண்ணீரின் அடியில் வெள்ளை படிந்தது. பிள்ளை இல்லாத வீடு. அவளுக்கு அவன்தான் எல்லாம். யாருக்கும் சொல்லாமல் ஒருநாள் கலியமூர்த்தி மேஸ்திரியின் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் மனசுவைத்தால் ஆளை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றலாம். மேஸ்திரியும் மனசுவைத்தார். அச்சில் வார்த்த சாமான்களை வெயிலில் காயவைக்கும் களத்தில் ஓர் இடம் காலியாகியிருந்தது. திறந்த வெளி, வேப்பமரக் காற்று.

அன்று இரவு சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். பழமலை கையை உதறிவிட்டு எழுந்தான்.

"உன்ன யாரு கேக்கச் சொன்னாங்க?"

"எம் மனசு சொல்லிச்சு மாமா. அந்தக் கூடத்துல வேணாம். மாவு சலிக்கிற மாதிரியா மனுசன சலிக்கிறாங்க அங்க."

"களத்துக்குப் போனா எம் மூச்சு கெட்டுடும்டி. வர்ற வருசம் திருச்சியில ரயில்வேக்காரங்க ஓட்டக்காரனத் தேர்வு செய்யறாங்களாம். ஜெயிச்சா சர்க்கார் வேல. கோட்டர்ஸு கொடுப்பாங்க. அதுவரைக்கும் இந்தக் கூடம் எனக்கு வேணும்."

"வேல கெடச்சா இந்தக் கூடத்த வுட்டுடுவியா?"

"வுட்டுட்டு உன்னக் கூட்டிக்கிட்டு ரயில்ல போயிடுவேன்."

அந்த ஒரு சொல்லில் பாவம் அவள் மயங்கிப்போனாள். களத்து இடம் வேறு யாருக்கோ போனது.

1969ஆம் வருடக் கடைசியில் பழமலை திருச்சிக்குப் போனான். கட்டுச்சோறும் ஒரு மாற்று வேட்டியுமாக முத்தாயி ஜங்ஷன்வரை வந்து வழியனுப்பினாள். பத்து மைல் ஓட்டம். தஞ்சாவூர், மதுரை, சேலம் என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். பலர் காலில் கான்வாஸ் ஷூ. பழமலை வெறுங்காலோடு ஓடினான். ஓடி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது அடுத்த ஆள் சாலைத் திருப்பத்தில்கூடத் தெரியவில்லை.

மறுநாள் உடல் பரிசோதனை. எடை பார்த்தார்கள், கண் பார்த்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"என்ன வேலை செய்யறே?"

"பீங்கான் கம்பெனியில கல்லு அரைக்கிறேங்க."

"இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டா நேத்து ஓடினே?"

அதைப் பாராட்டு என்று நினைத்துப் பழமலை தலைகுனிந்து புன்னகை செய்தான். டாக்டர் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். கறுத்த நெஞ்சுக்கூட்டுக்குள் இரண்டு பக்கமும் வெள்ளைப் புள்ளிகள், ரவையைத் தூவினாற்போல்.

"இது கல்லு. அரைச்சியே, அந்தக் கல்லு. உள்ளே போனது வெளியே வராது. இப்ப உனக்கு ஒண்ணும் தெரியாது. உன் நெஞ்சு பலமானது, அதனால தாக்குப்பிடிக்குது. ஆனா இன்னும் இரண்டு வருஷத்தில மாடிப்படி ஏற முடியாது. உன்னை நான் எடுத்துக்க முடியாதப்பா. போய் முதல்ல அந்த வேலையை விடு."

"வேலைய வுட்டா சரியாயிடுங்களா?"

டாக்டர் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார். பழமலை ரயில் ஏறினான்.

ஜங்ஷனில் கூட்டமே நின்றிருந்தது. திருச்சிக்குப் போன லாரிக்காரர் ஒருவர் அவன் ஜெயித்த சேதியை முன்னாலேயே கொண்டுவந்துவிட்டார். காத்தவராயன் சாமந்தி மாலை போட்டான். தங்கதுரை அன்றைக்கு யாரிடமும் டீக்குக் காசு வாங்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முத்தாயி நின்றாள். கண் முழுக்கத் தண்ணீர், முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை எந்தப் புருஷனால் கொல்ல முடியும்?

"ஆர்டர் தபால்ல வருமாம்" என்றான் பழமலை.

அந்தப் பொய்யால் நடந்தது என்ன? கூடத்தில் கடைசியாகத் துண்டு கட்டிக்கொண்டிருந்த இருவரும் அன்றோடு அதை அவிழ்த்துவிட்டார்கள். கல்மாவில் பழகிய மூச்சு திருச்சியையே ஜெயித்துவிட்டதே, இனி என்ன சந்தேகம்? காத்தவராயன் அடுத்த தேர்வுக்குத் தானும் போகப்போவதாகச் சொல்லி, இயந்திரத்துக்குப் பக்கத்தில், மாவு அதிகமாகப் பறக்கும் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

பழமலை அவர்களைப் பார்த்துக்கொண்டே, ஆர்டர் எங்கே என்று கேட்டவர்களுக்குச் சர்க்கார் காகிதம் மெதுவாகத்தான் வரும் என்று சொல்லிக்கொண்டு, ஒரு வருடம்போல் அங்கேயே வேலை செய்தான். டாக்டர் சொன்னது பொய்யாக இருக்காதா என்று அந்தப் பாவி மனம் ஏங்கியது. பொய் என்று நிரூபிக்க இன்னும் அதிகமாக ஓடினான். 1970 ஆடி மாதம் கூடலையாத்தூர் போய்த் திரும்பும்போது ஸ்ரீமுஷ்ணம் சாலை பிரியும் இடத்தில் முதன்முறையாக நின்றுவிட்டான். ஐப்பசியில் முந்திரிக்காட்டின் பாதியில் நின்றான். கார்த்திகையில் ஒருநாள், வீட்டிலிருந்து ஆற்றங்கரைக்குப் போகும் ஏற்றத்திலேயே மூச்சு இறைத்து, ஒரு பனைமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கொக்குகள் எழவே இல்லை.

அன்று முத்தாயி கழுவிய கால்களில் மண்ணே இல்லை. அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"எதுவரைக்கும் போன மாமா?"

அவன் அழுதான். எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை, சாபமிடவில்லை. கடைசியில் ஒன்றுதான் சொன்னாள்.

"நாளைலேர்ந்து நீ அங்க போவ வேணாம். நான் முந்திரிக்கொட்ட ஒடைச்சு உன்னக் காப்பாத்தறேன்."

"போவணும்டி. அவனுங்ககிட்ட சொல்லணும்."

மறுநாள் காலை பழமலை மூக்கையும் வாயையும் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தான். சிரிப்பு எழுந்தது.

"என்னா மச்சான், கொள்ளையடிக்கப் போறியா?" என்றான் காத்தவராயன்.

"எல்லாரும் கட்டுங்கடா. நான் சொன்னது தப்பு. நெஞ்சுல கல்லு சேருது. திருச்சி டாக்டர் படத்துல காட்டினாரு."

இயந்திரத்தின் இரைச்சலில் அவன் குரல் பாதிதான் கேட்டது. இருமலும் குறுக்கே வந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காத்தவராயனின் முகத்தில் சிரிப்பு மறைந்து வேறொன்று வந்தது.

"திருச்சிக்குப் போயி வருசமாவுது. அப்ப சொல்லல. நான் போறேன்னு சொன்னப்புறம்தான் சொல்ற. ஏன் மச்சான், ஊருக்கு ஒரு ஓட்டக்காரன் போதும்னு நெனைக்கிறியா?"

"அய்யோ, இல்லடா. எனக்கு ஓட முடியலடா."

"மொத ஆளா வந்தவனுக்கு நெஞ்சு கெட்டுப்போச்சாம். யாரு நம்புவா? உனக்கு ஆர்டர் வரும், நீ ரயில்ல போயிடுவ. நாங்க மூஞ்சில துணியக் கட்டிக்கிட்டு இங்கயே கெடக்கணும். அதான?"

காத்தவராயன் சொன்னதற்குச் சிலர் தலையாட்டினார்கள். பழமலைக்குத் தன் பழைய வெற்றிகளே இப்போது எதிர்சாட்சியாக வந்து நின்றன. எத்தனை வருடம் தன் மூச்சைக் காட்டி அவர்களை நம்பவைத்தானோ, அதே மூச்சைக் காட்டித்தான் இனி மாற்ற வேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

1971 மாசியில் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தான்.

முத்தாயி அவன் காலில் விழுந்தாள். நெற்றி தரையில் பட விழுந்தாள்.

"வேணாம் மாமா. சும்மா உக்காந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருப்ப. அவங்கதான் நம்பலியே, அவங்க தலையெழுத்து. உனக்கு இருக்கிறதே இத்தினி மூச்சு. அத எனக்குன்னு வெச்சுக்கக் கூடாதா?"

"அவனுங்க துண்ட அவுத்தது என்னாலடி."

"என் தாலியையும்தான் அவுக்கப் போற."

அவன் குனிந்து அவளைத் தூக்க முயன்றான். தூக்க முடியவில்லை. அவளே எழுந்து, அவனைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ஓட்டத்தன்று கோயில் வாசலில் எள் விழ இடமில்லை. பழமலை ஓட்டம் தொடங்கும் கோட்டில் வந்து நின்றதும் கைதட்டினார்கள். பக்கத்தில் காத்தவராயன், நேரே முன்னால் பார்த்தபடி. கொடி அசைந்தது. ஆற்றங்கரையில் முதல் திருப்பம்வரை பழமலை மற்றவர்களோடு ஓடினான். இரண்டாவது திருப்பத்தில் பின்தங்கினான். முந்திரிக்காட்டின் தொடக்கத்தில், செம்மண் தடத்தில், பூத்த கிளைகளுக்குக் கீழே, காற்றைக் கையால் பிடித்து இழுப்பவன் போல் இரண்டு கைகளையும் நீட்டினான். உதடுகள் நீலமாயின. முழங்கால் மடங்கியது.

வேடிக்கை பார்க்க நின்றவர்கள் ஓடிவந்தார்கள். முன்னால் போய்விட்ட காத்தவராயன் கூச்சல் கேட்டுத் திரும்பினான். முதலில் வந்துகொண்டிருந்தவன் அவன். அப்படியே ஓடினால் அந்த வருடப் பரிசு அவனுக்கு. ஒரு கணம் நின்றான். பிறகு தடத்தில் திரும்பி ஓடிவந்து, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து, பழமலையின் தலையை மடியில் எடுத்துக்கொண்டான்.

"நடிக்கிறியா மச்சான்?" என்று கேட்டான். குரல் உடைந்திருந்தது. இல்லை என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

பழமலை கைகளைத் தூக்கினான். காத்தவராயனின் கழுத்தை வளைத்து, அவன் காதைத் தன் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டான். காத்தவராயன் கேட்டான். முறத்தில் மணல் புடைக்கும் சத்தம் உள்ளே கேட்டது. அவன் முகத்தை எடுக்கவே இல்லை.

மறுநாளிலிருந்து கல் அரைக்கும் கூடத்தில் எல்லோர் முகத்திலும் ஈரத்துண்டு இருந்தது. இரண்டு பேர் வேலையை விட்டு நெய்வேலிப் பக்கம் கூலிக்குப் போனார்கள். காத்தவராயனுக்கு நான்கு பெண் குழந்தைகள். அவனால் விட முடியவில்லை. பழமலையின் வீட்டுக்கு மட்டும் தினமும் வருவான். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். கம்பெனியில் பழமலையை மறுபடி சேர்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் காசநோய் என்று ஊசி போட்டார்கள், அது கேட்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சுவரில் சாய்ந்தபடியே பகலும் இரவும் இருந்தான். முத்தாயி கொட்டை உடைத்த கைகளோடு, ஓட்டின் பால் பட்டுத் தோலுரிந்த அந்தக் கைகளோடு, அவனுக்கு விசிறினாள்.

"கோவமா எம்மேல?" என்று ஒருநாள் கேட்டான். இரண்டு மூச்சில் கேட்ட இரண்டு சொற்கள்.

"ஆமா" என்றாள் அவள், விசிறுவதை நிறுத்தாமல். "ரொம்ப."

அவன் தலையசைத்தான். அவள் கோபப்பட்டது அவனுக்கு ஏதோ ஆறுதல் தந்தது போலிருந்தது. அந்தப் புரட்டாசியில், பகல் வெளிச்சத்தில், அவள் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டான். முப்பத்தொரு வயது.

கூடத்து ஆட்கள் சங்குக்குப் போகாமல் சாவுக்கு வந்தார்கள். வேறு யாரையும் பாடையைத் தொட விடவில்லை. காத்தவராயன் முன்வரிசையில் தோள் கொடுத்தான். பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போகலாம். முத்தாயியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு அங்கே நின்றார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழியில் பாதித் தூரத்தில் பாடையை ஒருமுறை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றித் தூக்குவது வழக்கம். அந்த இடம் அங்கிருந்து பார்த்தால் தெரியும்.

பாடை அந்த இடத்தைச் சேரவில்லை. அதற்கு வெகு முன்பே இறங்கியது. காத்தவராயன் இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றான். மறுபடி தூக்கினார்கள், கொஞ்சம் போய் மறுபடி இறக்கினார்கள். பழமலையின் உடம்பில் கனமே இருக்கவில்லை. அவனைக் குளிப்பாட்டியபோது முத்தாயி ஒருத்தியாகவே புரட்டியிருந்தாள்.

"என்னாடி இது, இத்தினி தடவ எறக்கறாங்க? வழக்கமில்லாத வழக்கமா இருக்குது" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

முத்தாயி தன்னைப் பிடித்திருந்த கைகளை விலக்கினாள். தூரத்தில், வெயிலில், தூக்கியவர்கள் ஒவ்வொருவராக வாயைத் திறந்து காற்றைத் தேடுவதைப் பார்த்தாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. புருஷனுக்காக மட்டும் அழவில்லை. அங்கே நின்ற ஒவ்வொருவனின் பெயரையும் சொல்லிச் சொல்லி அழுதாள்.